பொறி என்னுஞ் சொல்

பொறி என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் வழங்கும் பொருள்கள் பல. நெருப்பினின்று தெறித்துக் கணப்பொழுது ஒளிர்ந்து மறையுந் துகள் பொறி. அரசரது இலச்சினை பொறி. பாம்பின் படத்திலுள்ள புள்ளியும் வரியும் பொறி. ஒன்றை இயக்குதற்கென்று அமைத்த கருவி பொறி. எலியை அகப்படுத்துவதும் பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறி. அகராதிகள் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் காட்டுவன. இவை யாவும் ஒரு வேரினின்று கிளைத்தனவோ, வெவ்வேறு வேரினவாகிய சொற்கள் ஓருருவில் வந்து கூடினவோ என்பது கற்பார் தாமே ஆராய்ந்து தெளிதற்பாலது.

இவ்வாராய்ச்சி சொல்லளவில் நிற்குமாயின் இலக்கணப் புலவர்க்கே உரியதென்று விடுத்திருப்போம். அது சித்தாந்தப் பொருளையுந் தொடுகின்றது. உயிரென்பது இறைவனாகிய பேரொளியினின்று தெறித்ததொரு பொறி என்றும், அவ்வுயிரினின்று தெறித்தன ஆகலின் கண் முதலிய ஐந்தும் பொறி எனப் பெயர்பெற்றன என்றும் மேடைகளிற் சிலர் விரித்துரைக்கின்றனர். கேட்டற்கு இனிய இவ்வுரை, பதியைப்போலப் பசுவும் அநாதி என்னும் அடிப்படையையே தகர்ப்பதாகும். தெறித்தது என்றால் தெறிப்பதற்கு முன் அது தனியே இல்லை என்பதாம். இல்லாதது தோன்றிற்று எனின் சற்காரியவாதத்திற்கு இழுக்கு. இறைவனிற் பகுதியாய்க் கிடந்து பிரிந்தது எனின் இறைவனுக்குக் கூறுபாடும் விகாரமும் எய்தும். ஒரு சொல்லின் ஒலியொற்றுமையை நம்பி இத்துணைப் பெரிய இடர்ப்பாட்டிற் புகுதல் வேண்டுமோ?

இங்ஙனமே மற்றொரு மயக்கம் தொழிற்சாலைகள் நிறைந்த பக்கத்தினின்றும் எழுகின்றது. திருப்பெரும்புதூருக்கும் ஓரகடத்துக்கும் இடைப்பட்ட நிலம் முன்னாளில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நாடு. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிற் கொரிய நிறுவனமாகிய ஹூண்டாய் தன் முதற்காரை வெளியிட்டது. 2010இல் ஓரகடத்தில் ரெனோ, நிசான் என்னும் இரு நிறுவனங்களின் கூட்டாலை எழுந்தது. 2012இல் டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் அவ்வூரிலேயே தொடங்கின. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களினின்றும் பொறியியல் கற்ற இளைஞர் பல்லாயிரவர் இங்கே வந்து பணிபுரிகின்றனர். தகடுகளை இணைக்குமிடத்தில் இரவும் பகலும் தீப்பொறி சிதறுதலைக் காண்கின்ற அவர்களுள் எத்துணையோ பேர், பொறி சிந்தும் வேலையாதலின் இது பொறியியல் எனப் பெயர்பெற்றது என்று எண்ணியிருக்கின்றனர். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தெறித்து எரிபொருளைக் கொளுத்துதலை அதற்குச் சான்றாக எடுத்துக்காட்டுவாரும் உளர்.

இவ்விடம் நம் ஆராய்ச்சிக்குப் பிறிதொரு வகையானும் இயைபுடையது. திருப்பெரும்புதூரினின்று சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் நெடுஞ்சாலையில், ஓரகடத்துக்கு அணித்தே வல்லக்கோட்டை உளது. அருணகிரிநாதர் திருப்புகழிற் கோடைநகர் என்று பாடிய முருகன் திருப்பதி அது. கிழக்கே சேக்கிழார் பெருமான் பிறந்தருளிய குன்றத்தூர். மேற்கே காஞ்சி, ஆங்குள்ள குமரகோட்டத்தேதான் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தைப் பாடி அரங்கேற்றினார். இறைவன் நுதற்கண்ணினின்று தோன்றிய ஆறு பொறிகளைப் பற்றித் தமிழில் விரிவாகக் கூறிய நூல், தீப்பொறி சிதறும் இவ்வாலைகளுக்கு அணித்தாகிய ஊரிலே பிறந்தது. ஆதலின் பொறி என்னுஞ் சொல்லை ஆராயத் தொடங்குவார்க்கு இந்நிலம் பொருத்தமான களனேயாம்.

இனிச் சொல்லின் வரலாற்றுட் புகுவோம்.

பழைய நூல்களிற் பொறி என்பது பெரிதும் அடையாளம், பதிவு, புள்ளி என்னும் பொருளிலேயே பயில்கின்றது. வில்லுங் கயலும் புலியும் மூவேந்தர்க்குப் பொறிகள். பட்டினப்பாலையிற் கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கங்கொள்வோர் ஏற்றுமதி இறக்குமதிப் பண்டங்களின்மேற் சோழனது புலியைப் பொறித்து விடுத்தலைக் கூறுகின்றார். பொறித்தல் என்னும் வினை, ஒன்றன்மீது மற்றொன்றை அழுந்தப் பதித்தலாகும். வண்டின் மேனியிலுள்ள புள்ளிகள் பொறி. அதனாற் பொறிவண்டு என்கின்றோம். பெருமான் அணிந்தருளிய பாம்பினைத் தேவார ஆசிரியன்மார் பொறியரவு என்று பல்காலும் பாடுகின்றனர். படத்திலுள்ள புள்ளியும் வரியுமே ஆண்டுப் பொறி. திருக்குறளில் 618ஆவது பாட்டில் வரும் பொறி என்பதற்கு விதி என்று பரிமேலழகர் பொருள்கொண்டார். இதுவும் எழுத்து, பதிவு என்னுங் கருத்தின் வழித்தே. தலையெழுத்து என்று இக்காலத்தார் சொல்லுவதை ஒப்பது. இவ்வழக்குகளுள் எதனிலும் நெருப்பு இல்லை, தெறித்தலும் இல்லை. ஒன்று மற்றொன்றிற் பதிந்து நிலைபெறுதலே கருத்து.

பதித்து வைத்தல் என்னும் இக்கருத்தினின்றே, மறைவாக அமைத்து வைக்கப்பட்ட கருவி என்னும் பொருள் விரிந்தது என்பது எம் துணிபு. இதற்குக் காப்பியங்கள் கரியாவன. சிலப்பதிகாரத்து அடைக்கலக்காதையில் இளங்கோவடிகள் மதுரை மதிலின்மேல் அமைந்த போர்க்கருவிகளை ஒரு நீண்ட நிரலாகத் தருகின்றார். தானே வளைந்து அம்பெய்யும் விற்பொறியும், அணுகினாரைப் பற்றிக் கடிக்குங் குரங்குப் பொறியும் அவற்றுட் சில. காய்ந்த எண்ணெயும் உருக்கிய செம்பும் சொரிதற்குரியனவும் அந்நிரலில் உள. ஆயினும் அவை நெருப்புடைமையாற் பொறியெனப்பட்டில. நெருப்பில்லாத விற்பொறியும் பொறியே என்பதனை நோக்குக.

சீவகசிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்று செய்வித்து, விசையையை அதில் ஏற்றி வானின்வழி போக்குகின்றான். அது திருகும் வழிக்கேற்ப ஏறியும் இறங்கியும் இயங்குவது. பெருங்கதையில் இன்னுஞ் சிறந்ததொரு சான்று உண்டு. உதயணன் யாழிசையால் யானைகளை வயப்படுத்துவோன் என்றறிந்த பிரச்சோதனன், அகத்தே வீரரை மறைத்த யானை ஒன்றைச் செய்வித்து அவனைச் சிறைப்படுத்தினான். அந்த யானைப்பொறி இயங்குதலின் இயந்திரம். உதயணனை அகப்படுத்தலின் எலிப்பொறி போன்றதொரு கண்ணி. இயந்திரம், கண்ணி என்னும் இருபொருளும் ஒரு பொருளின் இருமுகமாதலை இதனைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றை யாம் கண்டிலேம். மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்கள் சிந்தாமணியை 1887இலும் பெருங்கதையை 1924இலும் பதிப்பித்து உதவியிராவிடின், இச்சொல்லின் நடுக்காலத்து வரலாறு நமக்கு இருளாகவே கிடந்திருக்கும்.

ஆகவே கருவியைக் குறிக்கும் பொறி, நீராவி எஞ்சினுக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கும் பல நூற்றாண்டு முற்பட்டது. பொறியியல் என்னும் இக்காலத் தொடரும் இப்பழம்பொருளை நிலைக்களனாகக் கொண்டதேயாம். மின்பொறியைச் சான்றுகாட்டுவார்க்கு ஒன்று கூறுதும். ஓரகடத்திற் செய்யப்படும் லாரிகளின் டீசல் எஞ்சினில் மின்பொறி என்பதே இல்லை. காற்றை மிக இறுக்கி, அவ்விறுக்கத்தாற் பிறந்த வெம்மையிலே எரிபொருளைப் பீய்ச்ச, அது தானே பற்றிக்கொள்ளுமாறு உருடால்பு டீசல் என்னும் ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறை அது. மின்கலத்தால் ஓடும் வண்டிக்கோ எரிதலே வேண்டா. தீப்பொறியின்றி இயங்கும் இவையும் பொறிகள் எனப்படுதலின், தீப்பொறியினின்று பொறியியல் வந்ததென்பது பொருந்தாது.

அஃதேல் தீப்பொறியென்னும் வழக்கு எங்ஙனம் வந்தது எனின், கூறுதும்.

கொல்லன் உலைக்களத்திற் சிதறும் ஒளித்துகளுக்குச் சங்கப் புலவர் வழங்கிய சொற்களுள் ஒன்று பிதிர் என்பது. அகநானூற்று 72ஆம் பாட்டில் ஓர் அரிய காட்சி உளது. மழை பொழியும் நள்ளிரவில், மின்மினி மொய்த்த புற்றினைக் கரடி அகழ்ந்து இரைதேடுகின்றது. அது கைவைத்து வாங்குந்தோறும் மின்மினிகள் சிதறுகின்றன. கரிய பெரிய அவ்விலங்கு இரும்படிக்குங் கொல்லனைப் போலத் தோன்றுகின்றது. சிதறும் மின்மினிக்கு அடிக்கப்பட்ட இரும்பின் ஒளித்துகளை உவமித்த புலவர், அவ்விடத்துப் பொறி என்றிலர், பிதிர் என்றார். பிதிர்தல் என்பது உதிர்தல், சிதறுதல். நீர்த்துளியும் பிதிராகலாம், தீத்துளியும் பிதிராகலாம். கண்ட பொருளைக் கண்டவாறே சொல்லும் நேர்மை அச்சொல்லிற் காணப்படுகின்றது.

இனி, நம் உடன்பிறப்பு மொழியாகிய மலையாளத்தை நோக்குக. தீத்துகளை அவர்கள் தீப்பொரி என்று இடையின ரகரம் இட்டே எழுதுவர்; நெற்பொரிக்கும் அச்சொல்லே அவர்க்கு வழக்கு. தமிழில் நெற்பொரிக்கு இடையினமும் தீப்பொறிக்கு வல்லினமும் எழுதுகின்றோம். இவ்விரண்டு எழுத்தின் ஒலியையும் கன்னியாகுமரிப் பக்கத்தாரும் மலையாளத்தாரும் இன்றும் வேறுபடுத்திச் சொல்லுகின்றனர். காஞ்சி, சென்னைப் பக்கத்தார் வாயிலோ உயிரிடைப்பட்ட ரகர றகரங்கள் ஒன்றாகிப் பல காலமாயிற்று. அரிசிப்பொரி வாங்குவோனும் எலிப்பொறி வாங்குவோனும் கடையில் ஒரே ஒலியைத்தான் ஒலிக்கின்றனர். ஒலி ஒன்றாயவழி எழுத்து மாறுதல் இயல்பு. நெருப்பிற் படபடவென்று வெடித்துத் தெறிப்பதைக் குறித்த பொரி என்னுஞ் சொல், ஒளிப்புள்ளியாகவும் தோன்றுதலின், புள்ளியைக் குறிக்கும் பொறி என்னுஞ் சொல்லோடு மயங்கி அதன் எழுத்தை ஏற்றுக்கொண்டது என்று கொள்ளுதலே எல்லாச் சான்றுகளுக்கும் பொருந்துவதாக எமக்குத் தோன்றுகின்றது. இருளிலே தீத்துகள் ஒரு புள்ளிதானே, அதனாலேயே பொறி எனப்பட்டது என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றை முற்றும் மறுத்தற்கில்லை. எனினும் மலையாளத்து இடையின ரகரத்துக்கு அவர் விடைகூறல் வேண்டும்.

பொரி என்னும் இச்சொல் எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆலையிற் சென்று பார்ப்பார்க்கு விளங்கும். எஃகினைச் சாணைச் சக்கரத்தில் வைத்தால் நுண்ணிய துகள்கள் காய்ந்து பறக்கின்றன. பறக்கும்போதே காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி எரிகின்றன. எஃகிற் கலந்துள்ள கரி எரிந்து வளியாகி உள்ளிருந்து உந்த, துகள் வெடித்துக் கிளைகிளையாகப் பிரிகின்றது. கரி மிகுந்த எஃகில் வெடிப்பு மிகுதி. கரி அருகிய தேனிரும்பில் வெடிப்பின்றி நீண்ட கோடுகளே காணப்படும். பட்டறிவுடைய தொழிலாளர் இவ்வேறுபாட்டை நோக்கியே இஃது இன்ன எஃகு என்று மதிப்பிடுவர். நெல் பொரிவதும் இங்ஙனமே. உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி உந்துதலால் உமி கிழிந்து அரிசி மலர்கின்றது. தீத்துகளையும் நெற்பொரியையும் ஒரு சொல்லாற் குறித்த முன்னோர் நுண்பொருட் கருவி எதுவுங் கொண்டிலர். கண்ணாற் கண்டு செவியாற் கேட்டே அப்பெயரிட்டனர்.

கார்த் தகடுகளை இணைக்குமிடத்தில் நிகழ்வது சிறிது வேறு. இரு செப்பு முனைகள் தகடுகளை இறுக்கிப் பிடிக்க, பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் நொடியிற் சிறுபகுதி நேரமே பாய்ந்து, இடையிலுள்ள இரும்பை உருக்கி ஒட்டுகின்றது. மின்னோட்டம் மிகினும் இறுக்கங் குறையினும் உருகிய இரும்பு பிதுங்கித் தெறிக்கும். காண்பார்க்கு அழகிதாயினும், ஒட்டவேண்டிய இடத்தினின்று வெளியேறிய பொருளாதலின் தொழிலறிந்தோர் அதனைக் குறையென்றே கொள்வர்.

இதுகாறுங் கூறியவாற்றால், பதிவும் கருவியுமாகிய பொறி ஒன்று, தெறிக்குந் தீயாகிய பொறி மற்றொன்று, எழுத்து ஒன்றாயினும் சொல் இரண்டு என்பது போதரும். இனி ஐம்பொறி இவ்விரண்டனுள் எதன்பாற்படும்?

தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுக்கும்போது, உறுதல், நா, மூக்கு, கண், செவி, மனம் என்று பெயரிட்டு முறைசெய்தாரேயன்றி, அச்சூத்திரத்திற் பொறி என்னும் பொதுப்பெயரை ஆண்டிலர். திருவள்ளுவரோ கடவுள் வாழ்த்திலேயே இருமுறை அச்சொல்லை எடுத்தாளுகின்றார். 6ஆவது குறளிற் பொறியோடு வாயில் என்னுஞ் சொல்லைச் சேர்த்தமையின் அது புலன்கள் புகும் வழி என்பது பெறப்படும். 9ஆவது குறளில், தமக்குரிய புலனைக் கொள்ளமாட்டாத பொறிகளை உவமையாக்கி, இறைவன் தாளை வணங்காத தலை பயனற்றதென்றார். கொள்ளுதல் என்பதே பொறியின் தொழிலாக இங்கே குறிக்கப்படுதலை ஊன்றி நோக்குக. எலிப்பொறி எலியைக் கொள்ளும். யானைப்பொறி உதயணனைக் கொண்டது. கட்பொறி உருவத்தைக் கொள்ளும். கொள்ளாதாயின் அது பழுதுபட்ட கருவி. ஆகவே ஐம்பொறி என்பது கருவிப்பொறியின் இனமே. தெறிக்குந் தீயின் இனமன்று.

சித்தாந்த நூலாசிரியரும் இப்பொருளையே தழுவி நின்றனர். அவர் கருத்திற் பொறி என்பது புறத்தே காணப்படுங் கண் செவி முதலிய உறுப்பன்று; அவ்வுறுப்பினை இடமாகக் கொண்டு நின்று புலனைப் பற்றுகின்ற தத்துவம். அது மாயையின் காரியமாதலின் சடம். ஆசிரியர் மெய்கண்டார் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பினை மாயையாலாகிய இயந்திரம் என்றே கூறி, அதனுள் ஆன்மா உண்டென்று நாட்டுகின்றார். இயந்திரம் என்னும் வடசொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் பொறியேயன்றோ? உடம்பு ஓர் இயந்திரம். அதன் உறுப்பாகிய ஐந்தும் பொறிகள். ஐந்தாஞ் சூத்திரத்தில் அவர், மெய் முதலிய ஐந்தும் ஆன்மாவால் இயங்கிப் புலன்களை அறிந்தும் தம்மையாதல் தம்மை இயக்கும் ஆன்மாவையாதல் அறியமாட்டா என்றும், அவைபோல ஆன்மாக்களும் திருவருளாலே அறிந்தும் அதனை அறியாது நிற்கும் என்றும் கூறிக் காந்தத்தின் முன் நின்ற இரும்பினை உவமை காட்டினார். காந்தம் தன்னிற் சிறிதும் தெறித்துக் கொடுப்பதில்லை; இரும்பும் காந்தத்தின் துண்டன்று. அணுக்கத்தால் இயக்கம் நிகழ்கின்றது. ஆன்மாவை இறைவனிற் சிதறிய துகளென்னுங் கருத்துக்கு இவ்வுவமையில் இடமேயில்லை என்பது வெளிப்படை.

தீப்பொறியும் கட்பொறியும் ஒருங்கே நிகழும் வழக்கொன்றும் தமிழில் உண்டு. தலையிற் பலமாக அடிபட்டவன் கண்ணில் பொறி பறந்தது என்கின்றான். வெளியே விளக்குமில்லை, நெருப்புமில்லை; ஆயினும் ஒளி தெறித்தலைக் கண்டேன் என்பது பொய்யன்று. கண்ணை மூடிக்கொண்டு இமையின் ஓரத்தை மெல்ல அழுத்தினாலும் ஒளிவட்டம் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் யோகான்னஸ் மியுல்லர் என்னும் ஜெர்மானிய உடலறிஞர் இதனை ஆராய்ந்து, கண்ணின் நரம்பை ஒளி தாக்கினும் அடி தாக்கினும் மின்சாரந் தாக்கினும் அஃது ஒளி என்றே அறிவிக்கும். செவி நரம்பு எதனாலே தாக்குண்டாலும் ஓசை என்றே அறிவிக்கும் என்று முடிவு கூறினார். கருவி தன் இயல்புக்கேற்றவாறே காட்டுமன்றிப் பொருளை உள்ளவாறு துணிந்து கூறவல்லதன்று. எலிப்பொறியின் விசையை எலி தொடினும் குழந்தையின் விரல் தொடினும் அது மூடிக்கொள்வதன்றோ? கட்பொறியும் அத்தன்மைத்தே. கண்டது விளக்கொளியா, அடியால் வந்த ஒளியா என்று பகுத்து உணர்வது பொறியின் வேறாய் நிற்பதாகிய அறிவு. பொறிகள் சடம், அவற்றின் வேறாய் உணர்வான் ஒருவன் உளன் என்று நிறுவுவார்க்கு இவ்வெளிய சான்று போதியதாம். மாணாக்கர்க்குச் சித்தாந்தம் கற்பிக்கும்போது நீண்ட தருக்க நூல் உரைகளை எடுத்தோதுதலினும், கண்ணை மூடி இமையோரத்தைத் தொட்டுப் பார் என்று சொல்லுதல் விரைவிற் பயன்றருகின்றது.

கண்ணிற் பொறி பறத்தலை எளிதாக எண்ணற்க. அடியொன்றும் இன்றியே ஒரு கண்ணில் மின்வெட்டுப்போல அடிக்கடி தோன்றுமாயின், விழித்திரை கிழிதற்கு அஃது அறிகுறியாகலாம் என்று கண்மருத்துவர் கூறுவர். காலந்தாழ்த்தாது காட்டுதல் வேண்டும். பற்றவைப்போர் முகக்கவசமின்றி வில்லொளியை நோக்கினால், கட்புலனாகாத ஊதாக்கதிர் பட்டு விழியின் மேற்றோல் புண்பட்டுச் சில நாழிகை கழித்து மணல் விழுந்தாற்போல் உறுத்தும். கட்பொறிக்குப் பகையாவது தெறிக்கின்ற தீத்துகள் மட்டும் அன்று என்று இதனால் அறியலாம்.

இனி, உயிரைத் தீப்பொறியோடு உவமித்தல் வேதசம்மதம் ஆயிற்றே எனின்: ஆம், முண்டக உபநிடதத்திலும் பிருகதாரணியகத்திலும் அவ்வுவமை உண்டு. சுடர்விடும் நெருப்பினின்று அதனோடொத்த ஆயிரம் பொறிகள் எழுதல்போல அழிவில்லாத பொருளினின்று பல பொருள்களும் தோன்றி அதன்கண்ணே ஒடுங்கும் என்பது முண்டகத்தின் கருத்து. வடமொழியில் அப்பொறிக்கு விஸ்புலிங்கம் என்று பெயர், அது தெறிக்குந் தீயை மட்டுமே குறிப்பது, இந்திரியத்தைக் குறிப்பதன்று. ஆகவே ஐம்பொறியென்னுந் தமிழ்ப்பெயரை அவ்வுவமையோடு முடிபோடுதற்கு வடமொழியிலும் ஆதாரமில்லை. உவமையின் பொருள் யாது என்பதிலோ வேதாந்திகளே தம்முள் ஒருமைப்பட்டிலர். திருப்பெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு தோன்றிய இராமாநுசர், உயிரைப் பிரமத்தின் அம்சம் என்னும் பிரமசூத்திரத்துக்கு உரைகூறுமிடத்து, துண்டுபட்ட பகுதி என்னும் பொருளைக் கொள்ளாது, ஒளியுடைய பொருளுக்கு ஒளி அடையாதல்போல உயிர் பிரமத்துக்கு விசேடணமாதல் பற்றியே அம்சம் எனப்பட்டது என்றார். அவர் முடிபு நம் முடிபன்று. ஆயினும் இறைவனைத் துண்டுபடுத்தலாகாது என்பதில் அப்பெரியாரும் விழிப்பாயிருந்தனர். மேடையிலே பொறியுவமை கூறுவார் அவ்வளவு விழிப்பேனும் உடையராதல் வேண்டும். சித்தாந்த நெறியில் அச்சுருதிக்கு, உலகெல்லாம் இறைவனை நிமித்தமாகக் கொண்டு தோன்றி அவனிடத்தே ஒடுங்கும் என்பதே கருத்தாக உரைக்கப்படும். உயிரின் பிறப்புக் கூறியது அன்று.

கந்தபுராணத்துப் பொறியோ எனின், அஃது உயிர்களைப் பற்றியது அன்று. இறைவன் திருவுருவங் கொண்டமையைப் பற்றியது. இதனை வேறாகவே ஆராய்தல் வேண்டும். பழைய தமிழ்நூல்களில் முருகன் பிறப்பு இங்ஙனங் கூறப்பட்டிலது. பரிபாடல் 5ஆம் பாட்டிற் கடுவன் இளவெயினனார் கூறும் வரலாற்றில், சிதைக்கப்பட்ட கருவினை முனிவர் வேள்வித்தீயில் இட்டு, அவர்தம் மனைவியருள் அருந்ததி ஒழிந்த அறுவர் உண்டு சரவணத்திற் பயந்தனர் என்று காணப்படுகின்றது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், ஐம்பூதத்துள் ஒருவனாகிய தீக்கடவுள் தன் கையில் ஏற்றதும் அறுவர் பயந்ததும் குறிப்பாகச் சொல்லி அமைந்தார். இவ்விரண்டிலும் நெருப்பு உண்டு. நுதற்கண்ணினின்று தெறித்த பொறிகள் இல்லை. கச்சியப்பர் காலத்துக்கு வருங்கால் கருச் சிதைக்கப்பட்டமையும் முனிவர் மனைவியர் உண்டமையும் நீங்கின. இறைவன் ஆறு திருமுகங் கொள்ள, ஆறு நுதல்விழியினின்றும் ஆறு பொறிகள் வெளிப்படுகின்றன. கருவும் கருப்பையுமின்றித் தோன்றினான் என்று நாட்டுதற்கு இதனினுஞ் சிறந்த வழி இல்லை. பழைய வரலாற்றைக் கச்சியப்பர் அறியாராயினார் என்று கருதற்க. வடமொழிக் காந்தத்தின் வழி நின்று, சைவமுடிபுக்கு ஒத்ததனையே அவர் கொண்டார்.

அங்கே பொறி என்பது தெறிக்குந் தீயே. ஆயின் அத்தீ ஆலையில் தெறிக்குந் துகள்போலக் கணத்தில் அவிந்திலது. அதன் வெம்மையாற்றாது உமையம்மையே ஓடியருளினார். அவ்விரைவிற் சிலம்பினின்று சிந்திய நவமணிகளிலிருந்து நவசத்திகள் தோன்ற, அவர்பால் வீரவாகு முதலிய ஒன்பதின்மர் பிறந்தனர். வாயுவும் அக்கினியும் அப்பொறிகளைத் தாங்கிச்சென்று, தாங்கமாட்டாமல் கங்கையில் விட, அவளும் தாங்கமாட்டாளாய்ச் சரவணப் பொய்கையிற் சேர்த்தாள். காற்றும் தீயும் நீரும் ஒன்றன்பின் ஒன்றாக இளைத்துக் கைவிடுதலைக் கச்சியப்பர் காட்டுவது, பூதங்களால் ஏற்கப்படும் பொருளன்று அது என்பதனை உணர்த்துதற்கே. நெருப்பின் தெய்வமாகிய அக்கினியே தாங்கமாட்டாத ஒன்றை நெருப்பின் துகள் என்று கொள்ளுவது எங்ஙனம்? அறுமுகனுக்குந் தனக்கும் வேறுபாடில்லை என்று பெருமானே அம்மைக்கு அருளிச்செய்ததாகவும் அவர் பாடியுள்ளார். உயிர்களைக் குறித்து அங்ஙனம் ஓரிடத்தும் பாடினாரல்லர். ஆறு பொறியும் ஆறு குழவியாய்க் கார்த்திகை மாதர் அறுவர் பாலருந்தி விளையாடின. அம்மை அவ்வாறினையும் ஒருங்கே எடுத்து அணைத்தபோது, முகம் ஆறும் தோள் பன்னிரண்டுமாய ஒரு திருமேனி ஆயின.